விடுதியும் வாடகைக் காரும்

பிழைப்பைத் தேடிப் பிறந்த மண்ணைவிட்டு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு விடுமுறை என்பது பெரும்பாலும் ஊருக்குப் போய் வருவது என்றே பொருள்படுகிறது. ஊருக்குப் போவதென்றாலோ அதற்கு ஒரு காரணம் வேண்டும். ஒரு கலியாணம், ஒரு காதுகுத்து, ஒரு கருமாதி, அல்லது பங்காளிகளுக்குள் ஒரு பாகப்பிரிவினை. மொய் எழுதி, நலம் விசாரித்து, பழைய மனத்தாங்கல்களைத் தீர்த்துப் புதிதாகச் சிலவற்றைத் தேடிக்கொண்டு, களைத்துத் திரும்புகிறோம். இதனை உல்லாசப் பிரயாணம் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

தனுவச்சபுரத்தில் வசிக்கும் எங்கள் நிலை சற்று வேடிக்கையானது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரியாக எல்லை வகுக்கப்பட்டபோது கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாடு. அத்தனை அருகில் இருந்தும், எங்கள் பிள்ளைகள் இருவரும் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். தமிழை இராத்திரி நேரத்தில் வீட்டில் எழுத்துக்கூட்டிக் கற்கிறார்கள். 2025-ஆம் ஆண்டு கோடையில் ஒரு துக்க வீட்டிலிருந்து இரயிலில் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஏழு வயது நிரம்பிய இளையவன் கேட்டான்: "அப்பா, தமிழ்நாட்டுக்குப் போகணும்னா யாராவது சாகணுமா?"

பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் கடமையும் இன்றி, எவர் வீட்டு விசேஷத்துக்கும் அன்றி, மூன்று நாட்களேனும் தமிழ்நாட்டில் போய்த் தங்கிவர வேண்டும் என்று அன்றே தீர்மானித்தோம்.

எந்த ஊர் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் தாயார் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யரின் ஊராகிய வத்தலக்குண்டுக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். கொடைக்கானல் மலைக்குச் செல்லும் சாலை அவ்வழியாகவே போகிறது. அவருடைய தகப்பனார் மலையிலிருந்து லாரியில் இறங்கும் காய்கறி மூட்டைகளைச் சந்தையில் சுமந்தவர். இராத்திரியில் மலைச்சாலையில் ஊர்ந்து போகும் கார்களின் விளக்குகளைத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணுவது அவருடைய சிறுவயதுப் பொழுதுபோக்கு. பத்தொன்பதாம் வயதில் கலியாணமாகி இந்தப் பக்கம் வந்துவிட்டார். இப்போது வயது 71. முழங்கால் வலியும் இரத்தக் கொதிப்பும் உண்டு. அந்த மலைமேல் ஒரு நாளும் ஏறியதில்லை. விஷயத்தைச் சொன்னதும், "ஏப்பா, அங்கெல்லாம் நம்மளையும் ஏத்துவாங்களா?" என்று கேட்டார். வைத்தியரிடம் அழைத்துச் சென்று காட்டினோம். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 7,000 அடி உயரம் என்பதைச் சொன்னோம். மாத்திரைகளைத் தவறவிடாமல், அதிகம் நடக்கவிடாமல், குளிரில் வைத்திராமல் அழைத்துப் போகலாம் என்றார் அவர்.

ஆக, பிரயாணிகள் ஐவர்: தாயார், நாங்கள் இருவர், பதினொரு வயதுப் பெண், ஏழு வயதுப் பையன். கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம் 45,000 ரூபாய். இதற்குள் தங்குமிடமும் வண்டியும் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்வது, எங்களைப் போன்ற வருவாயுள்ள சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறோம்.

முதலில் காலம். கொடைக்கானலில் ஏப்ரல் முதல் ஜூன் வரை கூட்டம் நெருக்கும். அறை வாடகையும் மலையேறிவிடும். ஆனால் கேரளத்தில் பள்ளி நடத்தும் நமக்கு ஓர் அநுகூலம் உண்டு. ஓண விடுமுறை நமக்கு வரும் சமயத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். அவர்களது காலாண்டு விடுமுறை செப்டம்பர் மாதக் கடைசியில்தான் வரும். 2025-இல் திருவோணம் செப்டம்பர் 5-ஆம் தேதி. அதற்கு முந்திய சில நாட்களில் நாங்கள் போனோம். மழையும் மூடுபனியும் சற்று உண்டு என்றாலும், வாடகை மலிவாகவும் ஊர் அமைதியாகவும் இருந்தது.

அடுத்தது வண்டிப் பாதை. இங்கிருந்தே காரை அமர்த்திக்கொண்டு போனால் நாகர்கோவில், மதுரை வழியாக ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அதையே திரும்பி வருவதற்கும் கணக்கிட வேண்டும். மாநிலம் கடக்கும் வண்டிக்கு வேண்டிய பெர்மிட்டும் வரியும் யார் பொறுப்பு என்ற தகராறு வேறு. முழங்கால் வலிக்காரரைப் பத்து மணி நேரம் மடக்கி உட்காரவைப்பது தர்மமும் அன்று. எனவே சமவெளியை இரயிலுக்கும் மலையைக் காருக்கும் விட்டோம். தனுவச்சபுரம் நிலையத்தில் பாசஞ்சர் வண்டிகளே நிற்கும்; பாறசாலைக்குப் போய் மதுரை செல்லும் இராத்திரி வண்டியைப் பிடித்தோம். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. ஓண சமயத்தில் முதல் நாளே எழுதிவிட வேண்டும். 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கும் ஏற்பாடு உண்டாகையால், தாயாரின் வயதைச் சரியாகக் குறிப்பிட்டோம்.

இவ்விடத்தில் இரயில்வேக்காரர் அறிந்த ஓர் இரகசியத்தையும் சொல்லிவிடுகிறோம். 'கொடைக்கானல் ரோடு' என்று ஒரு நிலையம் இருக்கிறது. அது கொடைக்கானலில் இல்லை. அங்கிருந்து மலைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ரோடு வழியாகப் போகவேண்டும் என்பதே அப்பெயரின் பொருள். விடுதிக்காரர்கள் விளம்பரத்தில் எழுதும் 'ஏரிக்கு அருகில்' என்னும் வாசகத்தையும் இப்படியே படிக்கவேண்டும். 1863-இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சின் முயற்சியால் உண்டான அந்த ஏரி சுமார் 60 ஏக்கர் பரப்புள்ளது. அதைச் சுற்றிவரும் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஏரியின் எந்தக் கரைக்கு அருகில், பஸ் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று தேசப்படத்தில் அளந்து பார்த்தால் பல விடுதிகளின் 'அருகில்' மறைந்துபோகிறது.

விடுதி தேடுகையில் நாங்கள் படங்களை நம்பவில்லை, தொலைபேசியில் விசாரித்தோம். மலையூர்களில் கட்டடங்கள் சரிவில் நிற்கின்றன. தரைத்தளம் என்று அவர்கள் சொல்வது சாலைக்கு இரண்டு மாடி கீழே இருக்கக்கூடும். ஆதலால் எல்லாரிடமும் முதற்கேள்வியாக, "கார் நிற்கும் இடத்திலிருந்து அறைக் கதவுவரை எத்தனை படி?" என்று கேட்டோம். ஓரிடத்தில் 42 என்றார்கள். வாடகை 1,500 ரூபாய். ஜன்னலில் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியுமாம். இன்னோரிடத்தில், "எண்ணிப் பார்த்ததில்லை, சார்" என்றார்கள். மற்றோரிடத்தில் முழுத்தொகையையும் உடனே அனுப்பச் சொன்னார்கள். தொலைபேசியிலேயே படிக்கட்டை ஒருமுறை நேரில் காட்டும்படி கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். பிறகு அழைத்தால் எடுக்கவில்லை. அதுவும் ஒரு பதில்தானே!

படிக்கு அடுத்தபடியாக நாங்கள் கேட்டவை இவை. மேல்நாட்டுக் கழிப்பறையா, பிடித்து எழுந்திருக்கப் பக்கத்தில் கம்பி உண்டா? வெந்நீர் நாள் முழுதும் வருமா, காலை இரண்டு மணி நேரம் மட்டுமா? 'கூடுதல் படுக்கை' என்பது கட்டிலா, தரையில் விரிக்கும் மெத்தையா? (முழங்கால் வலிக்காரர் தரையிலிருந்து எழ முடியாது.) கார் நிற்க இடம் உண்டா? அறை கிடைப்பது வந்த நேரத்திலிருந்து 24 மணிக் கணக்கா, நண்பகல் முதல் நண்பகல் வரையா? சொன்ன வாடகையில் வரி அடக்கமா? போக முடியாமற்போனால் எந்தத் தேதிவரை பணம் திரும்பும்? பதில்களை அவர்களிடமே குறுஞ்செய்தியாக எழுதி வாங்கிக்கொண்டோம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் ஒன்றும் அங்கே இருக்கிறது. தனியார் விடுதிகளோடு அதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

முடிவில் சாலை மட்டத்திலேயே கதவுள்ள ஒரு சிறு விடுதியில் அடுத்தடுத்த இரண்டு அறைகளைப் பேசினோம். அறைக்கு 2,400 ரூபாய் வீதம் இரண்டு இரவுக்கு 9,600. வரி 12 சதவீதம். (2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய்வரை உள்ள அறைகளுக்கு வரி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இனிப் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.) பள்ளத்தாக்குக் காட்சி இல்லை, எதிர்ச்சுவர்தான் தெரியும். ஆனால் ஏறவேண்டிய படிகள் இரண்டே.

இப்போது கார். ஐந்து பேருக்குச் சிறு கார் போதும் என்று பலரும் சொல்வார்கள். டாக்சியாக ஓடும் சிறு காரில் ஓட்டுநர் நீங்கலாக நால்வருக்கே இடம். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு கொண்டையூசி வளைவுகளில் செல்லாது. ஆகவே ஏழு இருக்கை வண்டியாக விசாரித்தோம். மதுரையில் ஒருவர் மூன்று நாட்களுக்கும் வண்டியை வைத்துக்கொள்ளச் சொன்னார். நாள் ஒன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்கு. கிலோமீட்டருக்கு 18 ரூபாய். ஓடினாலும் ஓடாவிட்டாலும் 750 கிலோமீட்டருக்கு 13,500, ஓட்டுநர் பேட்டா 1,500, மலைக்கட்டணம் 500. மொத்தம் 15,500 ரூபாய். உண்மையில் மதுரையிலிருந்து மலைக்கு 120 கிலோமீட்டர்தான். போகவர 240, மேலே சுற்ற ஓர் அறுபது. முந்நூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு எழுநூற்றைம்பதுக்குப் பணம் கொடுப்பானேன்?

ஆகையால் ஏறுவதற்கு ஒரு வண்டி 4,800, மேலே ஒரு நாள் சுற்றிக்காட்ட உள்ளூர் வண்டி 2,600, இறங்குவதற்கு ஒரு வண்டி 4,200 என்று தனித்தனியே பேசினோம். மொத்தம் 11,600. மிச்சம் 3,900. அந்த மிச்சம்தான் 42 படி அறையிலிருந்து இரண்டு படி அறைக்கு எங்களைக் கொண்டுவந்தது.

விலை பேசுவதோடு நில்லாமல் இன்னும் மூன்றை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, எண் பலகை. வாடகைக்கு ஓடும் டாக்சிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து; நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்குத் தரும் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. அதை வாடகைக்கு ஓட்டினால் விபத்து நேரும்போது இன்ஷூரன்ஸ்காரர் கையை விரித்துவிடலாம். மலைச்சாலையில் பழகாதவர்கள் தாமே ஓட்டும் காரை எடுக்காதிருப்பது நலம். இரண்டாவது, சுங்கம், நிறுத்துமிடக் கட்டணம், பேட்டா ஆகியவை பேசிய தொகையில் அடக்கமா என்பது. மூன்றாவது, இ-பாஸ். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இணையத்தில் இ-பாஸ் பெறவேண்டும் என்று ஏற்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் கொடைக்கானலுக்குச் சாதாரண நாட்களில் 4,000 வண்டிகள், வாரக் கடைசியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். பாஸில் வண்டி எண்ணைக் குறிப்பிட வேண்டும். ஆகவே எண்ணை முன்னரே கேட்டு வாங்கவேண்டும். அரசு பஸ்ஸில் செல்வோருக்கு இத்தொல்லை இல்லை.

எல்லாம் பேசியாயிற்று. பெருந்தொல்லை ஒன்று உறவினரிடமிருந்து வந்தது. வத்தலக்குண்டுப் பக்கத்தில் இருக்கும் தாய்மாமனுக்குச் செய்தி எட்டியது. "என்ன மாப்பிள்ளை, சொந்த வீடு இருக்கையில காசு குடுத்து லாட்ஜில தங்குறதா? ஊரு என்ன பேசும்?" என்று தொலைபேசியில் பொரிந்தார். அவர் வீட்டில் தங்கினால் அன்று முழுவதும் உறவு வீடுகளுக்கு நடையாகவே போகும். பிள்ளைகள் மறுபடியும் விசேஷ வீட்டையே காண்பார்கள். இதை மாமாவிடம் பக்குவமாகச் சொன்னோம். திரும்பும்போது மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில் என்று ஒப்புக்கொண்டபின் சமாதானமானார். இறங்கும் வண்டிக்காரரிடம் இரண்டு மணி நேரக் காத்திருப்பையும் சேர்த்தே பேசியிருந்தோம்.

விடியற்காலையில் மதுரையில் இறங்கினோம். ஸ்டேஷனுக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் நிற்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஆண்ட ராணியின் பெயர் இன்றும் வழிப்போக்கர் வாயில் வழங்குகிறது. உறுதியான டிக்கெட் உள்ளவர்கள் இரயில் நிலையத்து ஓய்வறைகளை 12 மணி, 24 மணிக் கணக்கில் முன்பதிவு செய்துகொள்ளலாம். விடுதி அறை நண்பகலில்தான் கிடைக்கும் என்பதால் ஓர் ஓய்வறையை எடுத்திருந்தோம். குளித்து, தாயாருக்கு இட்டிலியும் மாத்திரையும் கொடுத்து வெளியே வந்து பார்த்தால், வந்து நிற்பது வெள்ளைப் பலகைக் கார்! பாஸில் கண்ட எண்ணும் அன்று. "எல்லாம் ஒண்ணுதான் சார், பெரியம்மாவை ஏத்துங்க" என்றார் ஓட்டுநர். அனுப்பியவரை அழைத்துப் பேசியபோது, வேறு வண்டி வர நேரமாகும், விருப்பமிருந்தால் ஏறுங்கள் என்றார். பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. "ஏறிடுவமேப்பா, ஒரு தடவதானே?" என்று தாயாரே சொன்னார். நாங்கள் ஏறவில்லை. பேசிய வண்டி வந்தால் பேசிய பணம், வராவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று சொல்லி, தாயாரை ஓய்வறைக்கே அழைத்துச் சென்று படுக்கவைத்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்து மஞ்சள் பலகை வந்தது, எண்ணும் பொருந்தியது. அந்த ஓய்வறை மட்டும் இல்லாதிருந்தால், பிளாட்பாரத்தில் மூட்டைமேல் ஒரு மூதாட்டியை உட்காரவைத்துக்கொண்டு எங்களால் அத்தனை பிடிவாதமாக நின்றிருக்க முடியாது.

மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. நல்ல ஓட்டுநர் அதை எதிர்பார்த்தும் அவசரப்படமாட்டார். வந்தவர் நல்லவர். பிள்ளைகளுக்குக் குமட்டல் வராமல் மெதுவாகவே ஓட்டினார். 1910-களில் இந்த மோட்டார் சாலை அமைவதற்கு முன்பு, பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து துரைமார்களையும் துரைசானிகளையும் நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். சுமந்தவர்கள் அந்தப் பக்கத்து ஏழைகள். அவர்களுடைய ஊர்க்காரர் ஒருவர் எழுபத்தொரு வயதில் காரின் முன்னாசனத்தில் சாய்ந்து அதே மலையில் ஏறிக்கொண்டிருந்தார்.

டம் டம் பாறையில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். எதிரே எலிவால் அருவி எனப்படும் தலையாறு அருவி, 975 அடி உயரத்திலிருந்து நூல்போல விழுகிறது. கீழே மஞ்சளாறு அணையின் நீர் பளபளக்கிறது. அணைக்கப்பாலிருந்த சமவெளியைத் தாயார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேரனைத் தம் பக்கம் இழுத்து, கையை நீட்டினார். "அதோ, அந்தத் தென்னந்தோப்புக்கு அங்கிட்டு இருக்கு எங்க ஊரு. சின்னப்பிள்ளையில அங்கன உக்காந்து இந்த ரோட்டைப் பாப்பேன்." அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ஆச்சி, நீங்க எங்க உக்காந்திருந்தீங்க? காட்டுங்க" என்று விடாமல் கேட்டான். பேத்தியும் சேர்ந்துகொண்டாள். திண்ணை, கண்மாய், சந்தை, மூட்டை சுமந்த ஐயா என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். மலைமேல் போய்ச் சேரும்வரை காரில் தமிழ் அன்றி வேறு பேச்சில்லை.

மேலே அதிகம் சுற்றவில்லை. ஏரிக்கரைப் பலகையில் தாயார் சால்வையுடன் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் வாடகைச் சைக்கிளில் போய்வந்தார்கள். 1872-இல் அமைத்த கோக்கர்ஸ் வாக் என்னும் நடைபாதையில் இரண்டு இடங்களில் உட்கார்ந்து பாதித் தூரம் நடந்தார். இராத்திரி வெந்நீர் கேட்ட நேரத்தில் வந்தது. எதிர்ச்சுவரைப் பற்றி எவரும் குறை சொல்லவில்லை. சிறு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை உள்ளதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் செம்புகளில் நீர் கொண்டுபோயிருந்தோம். இறங்கும்போது மாமா வீட்டில் விருந்து; இரண்டு மணி நேரம் என்று பேசியது மூன்றாயிற்று; வண்டிக்காரருக்கும் இலை போட்டார்கள், அவர் கூடுதல் பணம் கேட்கவில்லை. ஊர் வந்து கணக்குப் பார்த்தபோது சீட்டுப் பணத்தில் எட்டாயிரத்துக்குச் சற்று மேல் மிச்சம் இருந்தது.

வாசக அன்பர்களே! விடுதியும் வண்டியும் தேர்ந்தெடுக்கும்போது விலைப்பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். குடும்பத்தில் மிகக் குறைவாக நடக்கக்கூடியவர் யாரோ, அவரிலிருந்து தொடங்குங்கள். அவர் ஏறக்கூடிய படி, அவர் எழக்கூடிய கட்டில், அவர் உட்காரக்கூடிய ஆசனம் இவற்றை முதலில் தீர்மானித்தால் மற்ற செலவுகள் தாமாகவே ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். முதியோரை வீட்டில் விட்டுவிட்டுப் போகும் எண்ணமும் எழாது. சங்கத்துக் குடும்பங்கள் குற்றாலத்துக்கோ, தஞ்சாவூருக்கோ, உதகைக்கோ இவ்வாறு போய்வந்திருந்தால், கேட்ட வாடகையையும் எண்ணிய படிகளையும் குறித்து இப்பத்திரிகைக்கு எழுதுங்கள்; அடுத்து வருவோருக்கு உதவும். ஓணத்துக்குப் போக நினைப்பவர்கள் நாட்காட்டியை எடுத்து, புறப்படும் நாளுக்கு 60 நாட்கள் முந்திய தேதியில் இன்றே ஒரு வட்டம் போட்டுவைப்பது நலம்.